பச்சை மீன் சாப்பிட்ட இரவில் கடும் வயிற்று வலி: புழுவை எடுத்த பின்னும் தீராத சில ஐயங்கள்

கேள்வி: நிஷிகசாய்க்காரன்

வணக்கம். சொந்த ஊர் தூத்துக்குடி. நான்கு ஆண்டுகளாக டோக்கியோவின் எதோகவா பகுதியில் குடும்பத்தோடு வசிக்கிறேன். மீன் இல்லாமல் சோறு இறங்காத வீட்டில் வளர்ந்தவன்தான் என்றாலும், இங்கு வந்த முதல் இரண்டு ஆண்டுகள் பச்சை மீனைத் தொட்டதில்லை. பிறகு அலுவலக நண்பர்களோடு போய்ப் பழகி, சாஷிமி நாக்குக்குப் பிடித்துப்போயிற்று.

கடந்த வெள்ளிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு, நண்பர் ஒருவரோடு இசாகாயா எனப்படும் ஒரு சிறிய ஜப்பானிய மதுவகத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஷிமே சபா என்ற உணவைக் கேட்டோம். நம் கானாங்கெளுத்திக்கு உறவான சபா மீனை முதலில் உப்பில் புதைத்து, பிறகு வினிகரில் ஊறவைத்து, தோலோடு துண்டு போட்டுத் தருவார்கள். ஓரம் வெளுத்தும் நடுவில் இளஞ்சிவப்பாகவும் இருந்த அந்தத் துண்டுகளில் ஐந்தை நான் சாப்பிட்டேன். நண்பர் மூன்றைச் சாப்பிட்டார். அன்று காலை சந்தையில் எடுத்த மீன், உறையவைத்ததே இல்லை என்று கடைக்காரர் பெருமையோடு சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. வாடை எதுவும் இல்லை.

இரவு ஒன்றரை மணிக்கு நெஞ்சுக்குழிக்குச் சற்றுக் கீழே, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல ஒரு வலி என்னை எழுப்பியது. சில நிமிடம் முறுக்கும், விடும், மறுபடியும் முறுக்கும். மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த ஓம வாட்டரைக் கொடுத்தார், குடித்ததும் வாந்தியாகிவிட்டது. காய்ச்சலும் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. மாரடைப்போ என்று பயந்து #7119 என்ற அவசர ஆலோசனை எண்ணை அழைத்தபோது, எதிர்முனையில் பேசிய பெண்மணி கேட்ட இரண்டாவது கேள்வியே, பச்சை மீன் சாப்பிட்டீர்களா என்பதுதான்.

விடியற்காலையில் மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். திரையில் நானும் பார்த்தேன். இரைப்பையின் சுவர் ஓரிடத்தில் சிவந்து வீங்கியிருந்தது. அதன் நடுவில் தலையைப் புதைத்துக்கொண்டு, மீதி உடலை மெதுவாக நெளித்தபடி ஒரு வெள்ளை நூல் தொங்கியது. மருத்துவர் சிறிய இடுக்கியால் அதைப் பிடித்து இழுத்து எடுத்தார். அரை மணி நேரத்தில் வலி பெரும்பாலும் போய்விட்டது. பிறகு ஒரு சிறிய குப்பியில் போட்டுக் காட்டினார்கள். இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும், அப்போதும் அசைந்துகொண்டிருந்தது.

இப்போது எனக்குச் சில ஐயங்கள். ஒரே தட்டில் சாப்பிட்ட நண்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் கடையில் உண்மையிலேயே தவறு இருந்ததா? மீன் கெட்டுப்போயிருந்ததா? இன்னொரு புழு உள்ளே தங்கியிருக்க வாய்ப்புண்டா? ஞாயிற்றுக்கிழமை இரு கைகளிலும் காணாக்கடிபோலத் தடித்து அரித்ததால், இனி மீனே ஆகாதோ என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற குடல் மருத்துவர்

உங்களுக்கு வந்தது அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணியின் இளம்புழு. அதன் இயல்பான வாழ்க்கை திமிங்கலம், டால்ஃபின் ஆகியவற்றின் இரைப்பையில் நடக்கிறது. முட்டைகள் கடலில் விழுந்து பொரிந்து, இறால்போன்ற சிறு உயிர்களின் உடலில் ஏறி, அவற்றைத் தின்னும் மீனுக்கும் கணவாய்க்கும் போய், அங்கே சுருண்டு காத்திருக்கின்றன. அந்த மீனைத் திமிங்கலம் விழுங்கினால் புழு வளர்ந்து முதிரும்; மனிதன் விழுங்கினால் அதற்குப் போக்கிடம் இல்லை. மனித உடலில் அது முதிராது, முட்டையிடாது, சில நாட்களில் செத்துவிடும். ஆனால் சாவதற்கு முன்பு இரைப்பைச் சுவரைத் துளைக்கப் பார்க்கிறது. நீங்கள் பட்ட வலி அதன் விளைவு.

நண்பருக்கு ஏன் வரவில்லை என்பது நல்ல கேள்வி. கிருமியால் கெட்டுப்போன குழம்பை நான்கு பேர் சாப்பிட்டால், கிருமி குழம்பு முழுவதும் பரவியிருப்பதால் பெரும்பாலும் பலருக்கும் வயிற்றைக் கலக்கும். புழு அப்படிப் பரவுவதில்லை. தட்டில் ஒரே ஒரு புழு இருந்தால் அது ஒரே ஒரு துண்டில்தான் இருக்கும், அந்தத் துண்டை எடுத்தவருக்கு மட்டுமே நோய் வரும். எனவே நண்பர் நலமாக இருப்பதை வைத்துக் கடை மீது பிழையில்லை என்றும் சொல்ல முடியாது, உங்கள் வயிறு பலவீனமானது என்றும் சொல்ல முடியாது.

மீன் கெட்டிருந்ததா என்றால், இல்லை. நம் ஊரில் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா, கண் பளபளக்கிறதா, விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா என்று பார்த்து வாங்குகிறோம். குழம்புக்கு அந்தச் சோதனை போதும், ஏனென்றால் அடுப்பு மீதியைப் பார்த்துக்கொள்கிறது. பச்சையாகத் தின்னும்போது அந்தச் சோதனை பாதிதான் உதவும். மீன் எவ்வளவு புதியதோ அவ்வளவு உயிரோடு புழுவும் இருக்கும். உப்பும் வினிகரும் வசாபியும் அதைக் கொல்வதில்லை. அமிலம் நிறைந்த இரைப்பையில் வாழப் பழகிய உயிருக்கு வினிகர் ஒரு பொருட்டா? அதைக் கொல்வன இரண்டே: சூடும் உறைகுளிரும். 60 பாகை செல்சியசில் ஒரு நிமிடம், அல்லது மைனஸ் 20 பாகையில் 24 மணி நேரம் என்பது ஜப்பானிய அரசின் அளவு. அமெரிக்காவில் அதே குளிரில் ஏழு நாள் கேட்கிறார்கள்.

இந்த நோயை முதலில் அடையாளம் கண்டது ஜப்பானில் அல்ல, நெதர்லாந்தில். இலேசாக மட்டும் உப்பிட்ட ஹெர்ரிங் மீனைத் தின்று கடும் வயிற்று வலியோடு வந்தவர்களிடம் இந்தப் புழு இருப்பதை வான் தீல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1960இல் எழுதினார்கள். 1968இல் அந்நாடு ஹெர்ரிங்கை உறையவைத்தே விற்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அதன் பிறகு அங்கே இந்நோய் அரிதாகிவிட்டது. மீனின் ருசியைக் கெடுக்கும் சட்டம் என்று அன்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு புழு இருக்குமா என்பதற்கு: எண்டோஸ்கோப்பி செய்த மருத்துவர் இரைப்பை முழுவதையும் பார்த்திருப்பார். அதையும் தாண்டிக் குடலுக்குப் போயிருந்தால் வலி அடிவயிற்றில், ஓரிரு நாள் கழித்து வரும். அப்படி வலியோ, தொடர் வாந்தியோ, வயிறு உப்பி இறுகினாலோ, தாமதிக்காமல் அதே மருத்துவமனைக்குப் போங்கள். தடிப்பைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இன்று மாலை எழுதுகிறேன்.

பதில்: மீன் பிரிவில் பகுதிநேரம்

சைதாமாவில் மொழிப்பள்ளியில் படித்துக்கொண்டே ஒரு சூப்பர் மார்க்கெட்டின் மீன் பிரிவில் மாலை வேலை பார்க்கிறேன். ஐயா சொன்னதோடு, மீனை வெட்டுகிற கையின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன்.

உயிருள்ள மீனில் இந்தப் புழுக்கள் பெரும்பாலும் குடலையும் ஈரலையும் சுற்றித்தான் சுருண்டு கிடக்கும். மீன் செத்து, உடம்பு சூடேற ஏற, அவற்றில் சில சதைக்குள் நகர்கின்றன. அதனால்தான் சபா வந்து இறங்கியதும் எங்கள் மூத்த பணியாளர் வேறு எந்த வேலையையும் தொடாமல் முதலில் குடலை எடுத்துவிடச் சொல்வார். வயிற்றுச் சதையின் மெல்லிய ஓரத்தில் புழு அதிகம் என்பதால் அதை வெட்டித் தள்ளுவோம். பிறகு இருட்டான மூலையில் புற ஊதா விளக்கின் கீழே துண்டுகளைப் புரட்டிப் பார்ப்போம். புழு இருந்தால் நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும். முதன்முறை பார்த்த அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் சதைக்குள் ஆழமாகப் போய்விட்ட புழு விளக்குக்கும் தப்பும், கண்ணுக்கும் தப்பும். கணவாயின் மேல் நெருக்கமாகக் கத்திக் கீறல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மெல்வதற்கு எளிதாக இருக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். புழு இருந்தால் அதுவும் அறுபடட்டும் என்ற எண்ணமும் அதில் உண்டு.

வீட்டுக்கு வாங்குவோர் பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பழக வேண்டும். உறையவைத்து உருக்கிய மீன் என்றால் கைத்தோ என்றும், பண்ணையில் வளர்த்தது என்றால் யோஷோக்கு என்றும் அதில் குறிப்பிட்டாக வேண்டும் என்பது இங்குள்ள விதி. கைத்தோ என்ற சொல்லைப் பார்த்ததும் பழைய மீன் என்று முகம் சுளித்து வைத்துவிடுகிற நம்மவர்கள் ஏராளம். பச்சையாகத் தின்பதற்கு அதுதான் பாதுகாப்பான பொட்டலம். பண்ணைச் சால்மனும் அப்படியே. தயாரித்த தீவனத்தையே தின்று வளர்வதால் அதில் இந்தப் புழு மிக அரிது. ஜப்பானியர்கள் பழங்காலத்தில் தங்கள் கடலின் சால்மனைப் பச்சையாகத் தின்றதில்லை. 1980களில் நார்வே தன் பண்ணைச் சால்மனை இங்கே கொண்டுவந்து விளம்பரம் செய்த பிறகுதான் சால்மன் சுஷி பரவியது. வடக்கே ஹொக்கைதோவில் ஐனு மக்கள் மட்டும் சால்மனைக் குளிரில் உறையவைத்து, பாதி உருகிய நிலையிலேயே மெல்லியதாகச் சீவித் தின்றார்கள். ரூய்பே என்று பெயர். அதே உறைகுளிர்தான்.

வீட்டு உறைபெட்டியை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அது பெரும்பாலும் மைனஸ் 18ஐ ஒட்டித்தான் இருக்கும், கதவைத் திறந்து மூடுவதில் அதுவும் ஏறும். முழு மீனின் நடுப்பகுதி உறையவே நேரமாகும் என்பதால் இரண்டு நாளுக்கு மேல் வைப்பதே நல்லது.

பதில்: ஹகாத்தாவில் பத்தாண்டு

மேலே எழுதியவர்களோடு எனக்கு ஒரு சிறிய மாறுபாடு உண்டு. ஹகாத்தா பகுதி அடங்கிய ஃபுக்குவோக்கா நகரில் இருக்கிறேன். இங்கே கோமா சபா என்று, வினிகர்கூட இல்லாமல், பச்சைச் சபாவை எள்ளும் சோயாவும் சேர்த்துத் தருகிறார்கள். ஊரே சாப்பிடுகிறது, பத்து ஆண்டுகளாக நானும் சாப்பிடுகிறேன், ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை. ஒருவருக்கு வந்தது என்பதற்காக ஒரு நாட்டின் உணவுப் பழக்கத்தையே அஞ்சத்தக்கதாக எழுதுவது சரியா?

பதில்: ஓய்வுபெற்ற குடல் மருத்துவர்

ஹகாத்தா நண்பருக்கு: உங்கள் அனுபவம் பொய்யல்ல, அதற்குக் காரணமும் உண்டு. அனிசாகிஸ் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் நெருங்கிய இனங்கள் பல. பசிபிக் பக்கத்துச் சபாவில் மிகுதியாக இருப்பது சிம்ப்ளெக்ஸ் என்ற இனம்; ஜப்பான் கடல் பக்கத்திலும் நீங்கள் இருக்கும் கியூஷூத் தீவின் மேற்குக் கரையிலும் மிகுதி பெக்ரெஃபி என்ற இனம். இரண்டாவது இனம் குடலை விட்டுச் சதைக்குள் நகர்வது மிகக் குறைவு. ஆகவே குடலை எடுத்தவுடன் ஆபத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆனால் இன்று மீன் ஒரு கரையில் பிடிபட்டு மறுகரையில் விற்கப்படுகிறது. ஹகாத்தாவின் வழக்கத்தை டோக்கியோவின் மீனுக்குப் பொருத்தினால் கணக்குத் தவறும். ஜப்பானில் பதிவாகும் உணவு நஞ்சு நிகழ்வுகளின் எண்ணிக்கையில் அண்மை ஆண்டுகளில் முதலிடத்தில் இருப்பதே அனிசாகிஸ்தான். ஆண்டுக்குச் சில நூறு நிகழ்வுகள் பதிவாகின்றன. இதைச் சொல்வது யாருடைய உணவையும் பழிப்பது ஆகாது.

இனி தடிப்பு. இதில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சூரை, சபா, மத்தி போன்ற மீன்களைப் பிடித்த பிறகு வெயிலில் போட்டுவைத்தால், கிருமிகள் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். அதைத் தின்றால் சில நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, நாக்கு ஊறி, தலை வலித்து, உடல் தடிக்கும். சமைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. ஊரில் சூரைக் குழம்பு சாப்பிட்டு வாய் அரித்தது என்பவர்களில் பலருக்கு நடந்தது இதுவே. அது மீன் ஒவ்வாமை அல்ல. உங்களுக்கோ தடிப்பு இரண்டு நாள் கழித்து வந்திருக்கிறது. எனவே அது ஹிஸ்டமின் இல்லை. புழுவின் புரதத்தை உங்கள் உடல் பகையாகப் பதிவு செய்துகொண்டிருக்கலாம், அல்லது அன்று தந்த மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அனிசாகிஸுக்கு உரிய ஐஜிஇ, அதாவது ஒவ்வாமையில் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளின் அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது; ஒவ்வாமை மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அதுவரை கடல்மீனையும் கணவாயையும் நிறுத்திவையுங்கள். புழுவின் புரதங்களில் சில சூட்டுக்கும் அசையாதவை என்பதால், ஒவ்வாமை உறுதியானவர்களில் சிலருக்குச் சமைத்த மீனில் செத்துக் கிடக்கும் புழுகூடத் தடிப்பைத் தரும். மூச்சு இழுத்தாலோ, உதடோ தொண்டையோ வீங்கினாலோ, பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே 119ஐ அழையுங்கள்.

பதில்: தேக்கா மூலை

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். கடல்மீனின் புழுவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நன்னீர் மீனைப் பச்சையாகத் தின்பது இதைவிடப் பெரிய ஆபத்து என்பதையும் இங்கே பதிந்துவைப்பது நல்லது.

இங்கே உணவங்காடிகளில் சீனர்களின் கஞ்சிக் கடையில், கஞ்சியோடு பச்சை மீனை மெல்லியதாகச் சீவி, எண்ணெயும் இஞ்சியும் தூவித் தருவது நெடுநாள் வழக்கம். பயன்படுத்தியவை சோங், தோமான் என்ற நன்னீர் மீன்கள். தோமான் நம் விரால் குடும்பம். 2015இல், அதுவரை நல்ல உடல்நலத்தோடு இருந்த பெரியவர்கள்கூடத் திடீரென்று கடும் காய்ச்சல், மூளை உறைக் காய்ச்சல், மூட்டுகளில் சீழ் என்று மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். ஆராய்ந்தபோது, பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் 283ஆம் வகை என்று தெரிந்தது. அந்தப் பச்சை மீன் உணவோடு தொடர்பு இருப்பதும் தெரிந்தது. அவ்வாண்டு டிசம்பரில், உண்ணத் தயாரான பச்சை மீன் உணவுகளில் நன்னீர் மீனைப் பயன்படுத்த இங்கு தடை வந்தது. என் அலுவலகத்தில் அந்தக் கஞ்சியை வாரம் ஒரு முறை சாப்பிட்டுவந்தவர்கள் இருந்தார்கள். பெயரளவில்கூட அதன்பிறகு யாரும் அதைக் கேட்கவில்லை.

தாய்லாந்தின் வடகிழக்கில் கோய் பிளா என்று நன்னீர் மீனைப் பச்சையாகக் கொத்தித் தின்பார்கள். அதிலுள்ள ஈரல் புழு பித்தக்குழாயில் பல ஆண்டுகள் தங்கி, கடைசியில் புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது. எலுமிச்சை பிழிந்தால் மீன் வெந்துவிடும் என்று அங்கேயும் நம்புகிறார்கள். வெளுப்பது உண்மை, வேகவில்லை.

பதில்: நிஷிகசாய்க்காரன்

அனைவருக்கும் நன்றி. கடையைப் பற்றி யாராவது சொல்வீர்களா? அந்தப் பெரியவர் மிகவும் அன்பானவர், மகளின் பிறந்தநாளுக்குத் தட்டில் கூடுதலாக இரண்டு துண்டு வைத்தவர். ஹோகென்ஜோ என்ற சுகாதார மையத்துக்குச் சொன்னால் அவருக்குத் தொல்லை வருமோ என்று தயங்குகிறேன்.

பதில்: மீன் பிரிவில் பகுதிநேரம்

அண்ணா, உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் முடிவு உங்கள் கையில் இல்லை. உணவு நஞ்சு என்று அறிந்த மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் ஹோகென்ஜோவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அங்கிருந்து உங்களை அழைத்து, முந்தைய நாட்களில் எங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொரு வேளையாகக் கேட்பார்கள். பற்றுச்சீட்டு இருந்தால் எடுத்துவையுங்கள். கடையில் சபாவை எங்கே வாங்கினார்கள், உறையவைத்தார்களா என்று விசாரிப்பார்கள். அனிசாகிஸ் என்றால் பெரும்பாலும் ஒரு நாள் கடையை மூடச் சொல்வதோடு முடியும். உறையவைத்ததே இல்லை என்று பெருமையாகச் சொல்லி அவர் இன்னும் எத்தனை பேருக்குப் பரிமாறியிருப்பார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பதில்: நிஷிகசாய்க்காரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சுகாதார மையத்திலிருந்து மறுநாளே அழைத்தார்கள், சொன்னேன். இரத்தப் பரிசோதனையில் அனிசாகிஸுக்கான ஐஜிஇ தெளிவாக உயர்ந்திருக்கிறது. மீனுக்கு ஒவ்வாமை இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றும், அதுவரை சபா, கட்சுவோ, கணவாய் மூன்றையும் சமைத்தும் சாப்பிட வேண்டாம் என்றும் ஒவ்வாமை மருத்துவர் சொன்னார். அதற்குள் அம்மா தூத்துக்குடியிலிருந்து மாசிக் கருவாடு ஒரு கிலோ அனுப்பிவிட்டார். அவித்து, புகை போட்டு, கல்போல் காய்ந்தது. புழு பிழைத்திருக்க வழியில்லை. அதையாவது சம்பலுக்கு இடித்துக்கொள்ளலாமா?

பதில்: ஓய்வுபெற்ற குடல் மருத்துவர்

உங்கள் மருத்துவர் நிறுத்தச் சொன்ன கட்சுவோவைத்தான் நம் ஊரில் சூரை என்கிறோம், அதிலிருந்துதான் மாசி வருகிறது. ஜப்பானியர் சாற்றுக்குச் சீவிப் போடும் கட்சுவோபுஷியும் அதே மீன், ஏறத்தாழ அதே பக்குவம். புழு செத்திருக்கும், ஐயமில்லை. ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டாதது அதன் புரதம். மாசியையும் கட்சுவோபுஷியையும் ஒரே கேள்வியாக உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், அவர் சரி என்ற பிறகு சம்பல் இடிக்கலாம்.

பதில்: நிஷிகசாய்க்காரன்

கேட்டேன். ஆறு மாதம் பொறுக்கச் சொல்லிவிட்டார். மாசியை மேல்மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டேன். நேற்று மாலை முழுவதும் மாடிப்படியெங்கும் சம்பல் வாசனை.